கோபியில இருந்து சென்னைக்கு பிளைட்டா காரா? கிலோமீட்டரே ஒன்னுக்கொன்னு ஒத்து வரமாட்டேங்குது

பச்சமலை_அடிவாரம்:

வணக்கமுங்க. வர்ற தை மாசம் சென்னையில அக்கா வூட்டுல புது வூட்டுக்கு குடி போறாங்க. கோபியில (கோபிசெட்டிபாளையம்) இருந்து நாங்க நாலு பேரு போகோணும், நானு, சம்சாரம், அப்பா, அம்மா. அப்பாவுக்கு போன வருசம் மொழங்கால் ஆபரேசன் ஆச்சுங்க, ஒரே எடத்துல ரெண்டு மணி நேரத்துக்கு மேல காலை மடக்கி உக்கார முடியாது, அதனால இந்த தடவ பிளைட்டுல கூட்டிட்டு போயிரலாம்னு ஒரு ரோசனை. இதுல வூடு ரெண்டு கட்சி ஆயிப்போச்சு. மச்சான் போனு போட்டு "ஒரு மணி நேரம் மாப்ள, கண்ண மூடி தொறந்தா மீனம்பாக்கம்"ங்கறாரு. அப்பா "கார் எடுத்தா நம்ம வாசல்ல ஏறி அவிய வாசல்ல எறங்கறோம், எதுக்குடா காச ஆகாசத்துல கொண்டு போயி விடறே"ங்கறாரு.

சரி நாமளே கணக்கு பார்ப்போம்னு நெட்டுல தூரம் காட்டற பக்கத்துல போட்டு பார்த்தேன். கோபி சென்னை ஆகாய வழி 340 சொச்சம் கிலோமீட்டர், ரோட்டு வழி 430 சொச்சம்னு காட்டுது. அதுக்கு அடியிலயே பிளைட் நேரம் அரை மணி சொச்சம்னு வேற போட்டுருக்குது. கோயமுத்தூர்னு போட்டா வானத்துல 400, ரோட்டுல 505. எதுக்கு நூறு கிலோமீட்டர் எச்சா வருது, பிளைட்டுல போனா நெசமா எத்தன மணி நேரம் ஆகும், வாசல்ல செருப்பு போட்டதுல இருந்து அங்க செருப்பு கழட்டற வரைக்கும் சொல்லுங்க, ஏர்போர்ட்டுக்குள்ள இருக்கற நேரத்த மட்டும் சொல்லாதீங்க.

இன்னொன்னு, சீர் கொண்டு போகோணும். வெங்கல குத்துவெளக்கு ஒரு ஜோடி, பாத்திரம், செக்குல ஆட்டுன தேங்கா எண்ணெய் அஞ்சு லிட்டரு, காங்கயத்துல இருந்து வாங்குன கொப்பரை கொஞ்சம். பிளைட்டுல இதெல்லாம் உடுவாங்களா?

நொய்யல்_கரை:

கோபியில எப்பங்க ஏர்போர்ட் கட்டுனாங்க, சொல்லவே இல்ல 😄 அந்த பக்கம் என்ன பண்ணுது தெரியுமா, மேப்புல ரெண்டு புள்ளி வெச்சு நடுவுல கோடு போட்டு அத பிளைட் வேகத்துல வகுத்து சொல்லுது. அரை மணி நேரம்னா நீங்க பச்சமலை உச்சியில இருந்து குதிச்சு நேரா பறந்தாத்தான் உண்டு.

நான் திருப்பூருங்க, பனியன் ஆர்டர் வேலையா மாசத்துல ரெண்டு தடவையாச்சும் மெட்ராஸ் போயிட்டு வருவேன், பிளைட்லயும் போயிருக்கேன், ட்ரெயின்லயும் போயிருக்கேன், அதனால கைக்கணக்கா சொல்றேன் கேட்டுக்கோங்க. கோபியில இருந்து நம்பியூர், சேவூர், அவிநாசி வந்து பைபாஸ் ஏறி கோயமுத்தூர் பீளமேடு ஏர்போர்ட்டுக்கு எழுபது எழுபத்தஞ்சு கிலோமீட்டர் வரும். முக்கா வாசி கிராமத்து ரோடு, ஸ்பீடு பிரேக்கரு, முன்னாடி கரும்பு லாரி ஒன்னு மாட்டுச்சுன்னா தீர்ந்துச்சு, ஒன்னேமுக்கா மணி நேரம் வெச்சுக்கோங்க. நீலம்பூர்ல எல் அண்டு டி பைபாஸ் பக்கம் திரும்பிராதீங்க, நேரா அவிநாசி ரோட்டுலயே சின்னியம்பாளையம் தாண்டி ஏர்போர்ட் திரும்பற சித்ரா ஸ்டாப் வந்துருங்க. அவிநாசி ரோட்டுல புதுசா பத்து கிலோமீட்டருக்கு பாலம் தொறந்துருக்காங்களே ஜி.டி.நாயுடு பாலம், அதப்பத்தி யாராச்சும் சொன்னா கண்டுக்காதீங்க, அது கோல்டுவின்ஸ்ல இருந்து உப்பிலிபாளையம் வரைக்கும், டவுனுக்குள்ள இருந்து வர்றவங்களுக்குத்தான் லாபம், நம்ம பக்கத்துல இருந்து ஏர்போர்ட் போறவங்க அதுல ஏறாம கீழ் ரோட்டுலயே போயிரலாம்.

பேக்கேஜ் போடற கவுன்டர உள்ளூர் பிளைட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிருவாங்க. அப்பாவுக்கு வீல்சேர் வேற சொல்லோணும் (டிக்கெட் போடறப்பவே கேட்டுருங்க, அங்க போயி கேட்டா நிக்க வெச்சுருவாங்க), அதனால ஒன்றரை மணி நேரம் முன்னாடி போயிருங்க. டிக்கெட்டுல போட்டுருக்கறது ஒன்னு அஞ்சுல இருந்து ஒன்னேகால் மணி நேரம், அதுல நெசமா வானத்துல இருக்கறது அம்பது நிமிசம் வாக்குல, மிச்சமெல்லாம் தரையில உருட்டிட்டு போறது. எறங்கி பெட்டி வர அரை மணி நேரம். இத்தனையும் கூட்டுனா அஞ்சு மணி நேரத்த தொடுது, இன்னும் அக்கா வூடு போகல. மெட்ராஸ்ல அக்கா வூடு எங்கீங்க? அத சொல்லாம கணக்கு முடியாது.

பீளமேட்டுல குடி இருக்கறவனுக்கு பிளைட்டு மாதிரி சொகம் கெடையாதுங்க, கால் மணி நேரத்துல ஏர்போர்ட்டு. கோபிக்காரனுக்கு சென்னை கெழக்க, ஏர்போர்ட்டு மேக்க. கெழக்க போறதுக்காக மொதல்ல மேக்க எழுபது கிலோமீட்டர் போறீங்க, அதுதான் இதுல கெரகம்.

பொள்ளாச்சி_எளநி:

நாங்கெல்லாம் ஏர்போர்ட்டுக்கு வர கோயமுத்தூர் டவுனுக்குள்ள பூந்து வரோணும்ங்க, அதுக்கு நீங்க எவ்வளவோ தேவலாம்.

கொப்பரைய மறந்துருங்க. காஞ்ச தேங்கா எண்ணெய் பசை, தானா சூடேறி தீப்பிடிக்கும்ங்கறதால பிளைட்டுல கைப்பையிலயும் ஏத்தக் கூடாது, பெட்டியிலயும் ஏத்தக் கூடாது. எங்க தோப்பு கொப்பரைய ஒருக்கா எங்க அம்மிச்சி புடவைக்கு நடுவுல சுருட்டி வெச்சு உட்டு, ஸ்கேன்ல மாட்டி, பெட்டிய தொறந்து எல்லாத்தையும் வெளிய போட்டு, மானம் போச்சுங்க. எண்ணெய் கையில 100 மில்லிக்கு மேல உடமாட்டாங்க. பெரும்பாலான டிக்கெட்டுக்கு ஒரு ஆளுக்கு 15 கிலோ பெட்டி, கையில 7 கிலோ. வெங்கல குத்துவெளக்கு ஜோடி ஒன்னு வெச்சாலே பாதி எடை அதுலயே போயிரும்.

சங்ககிரி_ஸ்டீரிங்:

தம்பி, நூறு கிலோமீட்டர் ஏன் எச்சா வருதுன்னு கேட்டீங்கல்ல, அதுக்கு யாரும் பதில் சொல்லல. நான் சொல்றேன், இருவது வருசமா இந்த ரோட்டுல லாரி ஓட்டிட்டு இப்ப ரெண்டு வண்டி சொந்தமா வெச்சுருக்கேன்.

ஒரு தமிழ்நாடு மேப்ப எடுத்து, கோயமுத்தூர் ஏர்போர்ட்டுலயும் மீனம்பாக்கத்துலயும் ஸ்கேல வெச்சு ஒரு கோடு இழுத்து பாருங்க. கோடு அவிநாசி மேல போகும், பவானி கூடுதுறைய ஒட்டி போகும், ஏற்காட்டு மேல ஏறும், அரூர் பக்கத்துல போகும், திருவண்ணாமலைய ஒட்டி போயி, உத்திரமேரூர் பக்கமா மெட்ராஸ் சேரும். பிளைட்டு ஏறக்கொறைய அந்த கோட்டுலதான் போகும், 400 கிலோமீட்டரு. இப்ப ரோட்ட பாருங்க. கோயமுத்தூர்ல இருந்து சேலம் வரைக்கும் 544 நம்பர் ரோடு ஏறக்கொறைய அந்த கோட்ட ஒட்டியே வருது, அதுவரைக்கும் நட்டம் ஒன்னும் பெருசா இல்ல. சேலம் தாண்டுனா முன்னாடி சேர்வராயன் மலை, சித்தேரி மலை, கல்வராயன் மலை, அதுக்கு அந்தாண்ட ஜவ்வாது மலை. லாரி மலை மேல ஏறுமா? அதனால ரோடு சேலத்துல ரெண்டா பிரியுது. ஒன்னு தெக்க எறங்கி வாழப்பாடி, ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை போயி அங்க திருச்சி ரோட்டுல சேர்ந்து விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டுன்னு வருது. இன்னொன்னு வடக்க ஏறி தர்மபுரி, கிருஷ்ணகிரி, வேலூர், காஞ்சிபுரம்னு சுத்திட்டு வருது. எதுல போனாலும் மலைய சுத்தித்தான் ஆகோணும், அந்த சுத்துதான் உங்க நூறு கிலோமீட்டரு.

நடுவுல ஒரு வழி இருக்குது, சேலத்துல அயோத்தியாப்பட்டணம் தாண்டி மஞ்சவாடி கணவாய்ல ஏறி அரூர், ஊத்தங்கரை போயி திருவண்ணாமலையோ திருப்பத்தூரோ புடிக்கறது. கிலோமீட்டர் கொறையும், நேரம் கொறையாது. வயசானவங்கள வெச்சுட்டு அந்த வழி வேண்டாம்.

நீங்க கோபிங்கறதால பெருந்துறை வர வேண்டியதில்ல, கவுந்தப்பாடி வந்து பவானியில லட்சுமி நகர்கிட்ட பைபாஸ் ஏறிருங்க. டோல் மொத்தம் ஏழு வரும்: வைகுந்தம், மேட்டுப்பட்டி, நத்தக்கரை, வீரசோழபுரம், விக்கிரவாண்டி, ஆத்தூரு, பரனூரு. இதுல ஆத்தூர் டோல்னு சொன்னா எல்லாரும் நம்ம சேலத்து ஆத்தூர்னு நெனைச்சுக்கறாங்க, அது அச்சிறுப்பாக்கம் பக்கத்துல இருக்கற ஆத்தூர், நம்ம ஆத்தூர்கிட்ட இருக்கறது நத்தக்கரை. எங்க டிரைவர் பையன் ஒருத்தன் "அண்ணா ஆத்தூர் டோல் தாண்டிட்டேன்"ன்னு போனு பண்ணுனான், நானும் மெட்ராஸ் போயிட்டான்னு சந்தோசமா பார்ட்டிக்கு சொல்லிட்டேன், அவன் இருந்தது சேலத்து ஆத்தூரு! பார்ட்டி கூப்பிட்டு கிழிச்சுட்டான்.

நேரம்னு பார்த்தா, கார்ல சராசரி 60க்கு மேல கணக்கு போடாதீங்க. வண்டி 100ல போகும், ஆனா சராசரி 60தான். சேலம் தாண்டி ஊரு ஊருக்கு பைபாஸ்ல நாலு லேனு ரெண்டு லேனா சுருங்கி, எதுத்தாப்ல பஸ் முட்ட வர்ற மாதிரி வரும், அகலப்படுத்தற வேலை நடந்துட்டு இருக்குது, ராத்திரியில அந்த எடத்துல மட்டும் பொறுமையா போங்க. அப்பாவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருக்கா நிறுத்தி நடக்க உடோணும். எட்டு மணி நேரம். வெடியால நாலு மணிக்கு எடுத்தா மத்தியான சோத்துக்கு அக்கா வூடு.

காவேரிக்கு_இக்கரை:

//நடுவுல ஒரு வழி இருக்குது// அண்ணா அந்த கோட்டு மேலதான எட்டு வழிச்சாலை போட பார்த்தாங்க? 2018ல சேலம் சென்னை 277 கிலோமீட்டர்னு சொன்னாங்களே, இப்ப இருக்கற ரோட்டுல 340 வருது.

சங்ககிரி_ஸ்டீரிங்:

அதேதான். திருவண்ணாமலை வழியா. 2019ல ஹைகோர்ட்டு நெலம் எடுக்கறத ரத்து பண்ணுச்சு, 2020 கடைசியில சுப்ரீம் கோர்ட்டு திட்டம் செல்லும், ஆனா நெலத்துக்கு புதுசா நோட்டிபிகேசன் போடோணும்னு சொல்லுச்சு, அதோட கெடக்குது. லாரிக்காரனா எனக்கு அறுவது கிலோமீட்டர் டீசல் மிச்சம். ஆனா எங்க மாமனார் வூட்டு கெணறு அந்த அளவுக்கல்லு போட்ட எடத்துலதான் இருந்துச்சு, அதனால நான் அப்ப வாய தொறக்கல 😅

பச்சமலை_அடிவாரம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அக்கா வூடு சேலையூருங்க, கெழக்கு தாம்பரம். ட்ரெயினு யாரும் சொல்லலியே? வந்தே பாரத் ஆறு மணி நேரம் கூட இல்லைங்கறாங்க.

நொய்யல்_கரை:

சேலையூரா! அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல, கணக்கே மாறிப்போச்சு.

வந்தே பாரத் கோயமுத்தூர்ல வெடியால 6 மணிக்கு எடுத்து சென்ட்ரலுக்கு 11.50, ஈரோட்டுக்கு ஏழேகால் வாக்குல வரும், வாரத்துல ஒரு நாள் லீவு, டிக்கெட் போடறப்ப பார்த்துக்கோங்க. நீங்க ஆறு மணிக்கு வூட்ட உட்டு கெளம்புனா ஈரோட்டுல புடிச்சுரலாம், முப்பத்தஞ்சு கிலோமீட்டர்தான. இதே அக்கா வூடு பெரம்பூரோ புரசைவாக்கமோ இருந்தா நான் கண்ண மூடிட்டு ட்ரெயின்னு சொல்லியிருப்பேன், அப்பா எந்திரிச்சு நடக்கலாம், பாத்ரூம் போலாம், ஏழு டோலும் கெடையாது. ஆனா ட்ரெயின் அரக்கோணம் வழியா சென்ட்ரல்ல கொண்டு போயி உட்டுரும், நீங்க அங்க இருந்து தாம்பரத்துக்கு முப்பது கிலோமீட்டர் திரும்ப தெக்க வரோணும், மத்தியான டிராபிக்ல ஒன்றரை மணி நேரம். மொத்தம் ஏழேகால், ஏழரை மணி நேரம். ராத்திரி ட்ரெயினுன்னா ஈரோட்டுலயே கெளம்பற யேற்காடு எக்ஸ்பிரஸ் இருக்குது, லோயர் பெர்த் கெடைச்சா அப்பாவுக்கு கால நீட்டி படுத்துட்டு போற சொகம் வேற எதுலயும் இல்ல, ஆனா கோழி கூப்பிடறதுக்கு முன்னாடி சென்ட்ரல்ல எறக்கி உட்டுருவான்.

கார்லயும் பிளைட்லயும் உங்களுக்கு லாபம். கார்ல வந்தா செங்கல்பட்டு, பரனூர் தாண்டி பெருங்களத்தூர், அடுத்தது தாம்பரம், சென்னைக்குள்ள போகவே வேண்டாம். பிளைட்டுல எறங்குனா மீனம்பாக்கத்துல இருந்து சேலையூர் பத்து பன்னெண்டு கிலோமீட்டர், முக்கா மணி நேரம். அப்ப பிளைட் மொத்தம் அஞ்சு முக்கா, கார் எட்டு. ரெண்டே கால் மணி நேரந்தான் வித்தியாசம், ஆனா அப்பா தொடர்ந்து காலை மடக்கி உக்கார்றது பிளைட்டுல ஒன்னேகால் மணி நேரம், அவிநாசி போற வழியில ஒன்னேமுக்கா, நடுவுல வீல்சேர்லயும் லவுஞ்சுலயும் கால நீட்டிக்கலாம். மொழங்காலுக்கு பிளைட்டுன்னுதான் நான் சொல்லுவேன்.

தை மாசம் வெடியால மொத பிளைட்டு மட்டும் போடாதீங்க. மெட்ராஸ்ல பனி எறங்குனா எறக்க உடாம மேலயே சுத்த உடுவாங்க, போகி அன்னிக்கு பொகையும் சேர்ந்துரும். போன வருசம் நானு நாலு மணிக்கு எந்திரிச்சு ஓடி போயி, பனின்னு சொல்லி மூணு மணி நேரம் பீளமேட்டுலயே உக்கார வெச்சுட்டாங்க, அந்நேரத்துக்கு கார்ல போயிருந்தா கள்ளக்குறிச்சி தாண்டியிருப்பேன். பத்து மணிக்கு மேல இருக்கற பிளைட்டா பாருங்க. முகூர்த்தம் வெடியாலன்னா மொத நாளே போயிருங்க.

ஓமலூர்_ரவுண்டானா:

எங்க காமலாபுரம் ஏர்போர்ட்ட யாருமே கணக்குல எடுக்கலியேப்பா 😡 2023 கடைசியில இருந்து சேலத்துல இருந்தும் சென்னைக்கு பிளைட் உடறாங்க. கோபியில இருந்து நூறு கிலோமீட்டர்தான், அதுவும் கெழக்க போற நூறு, மேக்க இல்ல. காத்தாடி வெச்ச சின்ன பிளைட்டு, கொஞ்சம் கூட கொறைய சத்தம் வரும். ஏர்போர்ட்டு சின்னது, வாசல்ல எறங்குனா உள்ள போயி உக்கார பத்து நிமிசம். நேரம் மட்டும் ஒத்து வருதான்னு பார்த்துக்கோங்க, கோயமுத்தூர் மாதிரி ஒன்ன உட்டா இன்னொன்னுங்கற கதை கெடையாது.

நொய்யல்_கரை:

அதுல படியேறி உள்ள போகோணும்ங்க, மொழங்கால் ஆபரேசன் பண்ணுனவங்களுக்கு அதுக்குன்னு தனியா சொல்லி ஏற்பாடு பண்ணோணும். கேன்சல் ஆனா அப்பறம் நடு சேலத்துல நாலு பேரோட நிக்கோணும்.

ஓமலூர்_ரவுண்டானா:

நடு சேலத்துல நின்னா என்ன, நான் வந்து தட்டு வடை செட் வாங்கி தர்றேன்.

பச்சமலை_அடிவாரம்:

முடிவு பண்ணிட்டமுங்க. அப்பா, அம்மா, சம்சாரம் மூணு பேரும் கோயமுத்தூர்ல இருந்து பதினோரு மணி பிளைட்டு, மொத நாளே. வீல்சேர் போட்டாச்சு. அவிநாசியில சித்தப்பா பையன் இருக்கான், அவன் வந்து கூட்டிட்டு போயி ஏர்போர்ட்டுல உட்டுருவான். நான் சீர், குத்துவெளக்கு, எண்ணெய், கொப்பரை எல்லாத்தையும் கார்ல ஏத்திட்டு தனியா கெளம்பறேன். மூவாயிரம் ரூவா பாஸ்டேக் வருச பாஸ் போட்டுருக்கேன், 200 தடவ தாண்டலாம், போக வர பதினாலு கழியும், பரவால்ல.

அப்பா இன்னும் ஒத்துக்கல. "ரெண்டு வண்டிக்கு ரெண்டு செலவு, இதுக்கு எல்லாரும் ஒன்னா கார்லயே போயிரலாம்"னுட்டே இருக்காரு.

சங்ககிரி_ஸ்டீரிங்:

தனியா போனா ராத்திரி ஓட்டாதீங்க தம்பி. வைகுந்தம் டோல் தாண்டறப்ப ஒரு போனு போடுங்க, டீ குடிச்சுட்டு போலாம்.

பச்சமலை_அடிவாரம்:

போயி சேர்ந்தாச்சுங்க, கேட்டவங்களுக்காக நேரத்த எழுதிடறேன். அவங்க ஏழே முக்காலுக்கு வூட்ட உட்டு கெளம்பி மத்தியானம் ஒன்னே முக்காலுக்கு சேலையூர், மொத்தம் ஆறு மணி நேரம், பெட்டி வர்றதுல கால் மணி நேரம் எச்சா ஆயிருச்சு. நான் அஞ்சு மணிக்கு எடுத்து, சங்ககிரியில அண்ணன்கிட்ட டீ குடிச்சு, கள்ளக்குறிச்சி தாண்டி இட்லி சாப்பிட்டு, பன்னெண்டே முக்காலுக்கு போயிட்டேன், ஏழே முக்கா மணி நேரம். பெருங்களத்தூர்ல மட்டும் இருவது நிமிசம் நின்னுச்சு.

அவங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி நான் போயி சேர்ந்து வாசல்ல நிக்கறத பார்த்துட்டு அப்பா சம்சாரத்துகிட்ட "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு ஆரம்பிச்சுட்டாரு. நான் ரெண்டே முக்கா மணி நேரம் முன்னாடி கெளம்புனத அவருக்கு யாரும் சொல்லல, நானும் சொல்லல. மொழங்கால் வீங்கல. ஞாயித்துக்கெழம திரும்பறோம், அப்பா கார்லதான் வருவாராம்.

பொள்ளாச்சி_எளநி:

கொப்பரை போயி சேர்ந்துச்சா?